பூட்டிய வீட்டில் நின்ற கேடிஎம் 390 டியூக்: சிக்கன பட்ஜெட்டில் வாங்கி ஓட்டத்துக்குக் கொண்டுவரும் செய்முறை

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரத்தில் பழைய 400 சிசி பைக் தேடினால் ஒரே மாதிரி விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும்: "2018 மாடல், ஒரே ஓனர், ஓட்டம் கம்மி, வீட்டில் நின்ற வண்டி." பையன் வாங்கியிருப்பான், பிறகு சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ போயிருப்பான். வண்டி முகப்பில் துணி போர்த்தி நிற்கும், சாவி ஆச்சியிடம் இருக்கும். "ஓட்டவே இல்ல தம்பி, புது வண்டிதான்" என்பார்கள். சொல்வது பொய்யல்ல. ஆனால் ஓடாத வண்டி வேறு வழியில் கெடுகிறது. டாங்கில் பெட்ரோல் கெட்டுப்போகும், பிரேக் காலிப்பர் பிஸ்டன் இறுகும், டயர் ரப்பர் கல்லாகும், டாங்க் மூச்சுக்குழாயில் குளவி கூடு கட்டும். மீட்டரில் 9,000 காட்டினாலும் இதெல்லாம் வருஷக் கணக்கில் நடக்கிற வேலை. அதனால் எங்கள் பக்கத்தில் பழைய பைக் வாங்கும்போது கிலோமீட்டரைவிட, எத்தனை வருஷம் எப்படி நின்றது என்பதற்குத்தான் விலை பேச வேண்டும்.

கையில் 1,50,000 இருந்தால் வண்டிக்கு 1,20,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். மீதி 30,000 டயர், பேட்டரி, செயின் செட், பிரேக், ஆயில், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று போய்விடும். 35,000 கிமீ ஓடி, எல்லா சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கும் வண்டி அதே விலைக்குக் கிடைத்தால், 9,000 கிமீ நின்ற வண்டியை விட்டுவிட்டு அதை எடுப்பதில் தவறே இல்லை.

எந்த மாடல்

பட்ஜெட்டுக்குள் நிஜமான போட்டி இரண்டுக்குத்தான். கேடிஎம் 390 டியூக் 2013-ல் இந்தியாவுக்கு வந்தது. 2017-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் 373.2 சிசி, 43.5 பிஎஸ் (குதிரைத் திறன்), 13.4 லிட்டர் ஸ்டீல் டாங்க், 320 மிமீ முன் டிஸ்க், எல்இடி ஹெட்லைட், கலர் டிஸ்ப்ளே. பஜாஜ் டாமினார் 400 முதலில் 35 பிஎஸ் எஞ்சினோடு 2016 டிசம்பரில் வந்தது. 2019 மாடலில் எஞ்சின் 40 பிஎஸ் ஆகி, முன்னால் தலைகீழ் ஃபோர்க்கும் வந்தது. டாமினார் கனமான வண்டி, நெடுஞ்சாலையில் அசையாமல் போகும். டியூக் லேசு, திருமயம் வழியாகத் திருச்சி போவதற்கும் பிரான்மலைப் பக்கம் வளைவுகளில் போவதற்கும் அதன் சுகமே தனி. இந்தப் பதிவு 2018 டியூக்கை வைத்து எழுதியது. முறை இரண்டுக்கும் ஒன்றுதான், அளவுகள்தான் மாறும்.

ஒரு செலவை முதலிலேயே கணக்கில் எடுங்கள். 2022-ல் வந்த அறிவிப்புப்படி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 150-லிருந்து 350 சிசி வரை வருஷத்துக்கு 1,366 ரூபாய், 350-ஐத் தாண்டினால் 2,804. வரி தனி. 390 வாங்குகிறவர் வருஷா வருஷம் இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

பார்க்கப் போகும்போது

"நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடிகளில் எஞ்சினுக்குள் இருக்கும் கேம் செயினின் சலசலப்பு அடங்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல், கூலன்ட் இனிப்பு வாசனையும் அடித்தால் ஹெட் கேஸ்கட் சந்தேகம். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நீண்ட நாள் நின்று பேட்டரி செத்த வண்டி என்றால் ஜம்ப் கேபிள் கொண்டு போய் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். கெட்டுப்போன பெட்ரோல், பம்பையும் இன்ஜெக்டரையும் தாண்டி உள்ளே போகும். ஸ்டார்ட் ஆகாத வண்டியை "ஸ்டார்ட் ஆகாத வண்டி" விலைக்கே பேசுங்கள்.

விழுந்த வண்டியா என்று தெரிந்துகொள்ள பெயின்ட்டைப் பார்த்துப் பயனில்லை, பெயின்ட் மாற்றிவிடலாம். ஹேண்டிலை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, ஃபிரேமில் அது மோதி நிற்கும் ஸ்டாப்பரைப் பாருங்கள். அங்கே நசுங்கலோ பெயின்ட் உதிர்வோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. ஹேண்டில் முனை, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி மூன்றும் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் சறுக்கிய வண்டி. பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கைப் பார்க்க, ஒருவர் வண்டியை சைட் ஸ்டாண்டில் சாய்த்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும், இன்னொருவர் ஹேண்டிலை மெதுவாக இடம் வலம் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போல் தடுத்தால் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கின் பளபளப்பான கீழ்க் குழாயில் ஆயில் வளையம் இருக்கிறதா, துருப் புள்ளி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துரு நகத்தில் தட்டுப்பட்டால் எந்த சீல் போட்டாலும் கிழியும். தொண்டி, மீமிசல் பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டியில் இது அதிகம். செட்டிநாட்டு வீட்டின் உள்ளே நின்ற வண்டிக்கு உப்புத் தொல்லை இல்லை, அது ஒரு நல்ல விஷயம்.

டயர் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 1418 என்றால் 2018-ன் 14-வது வாரம். கட்டை (தரையில் பதியும் ரப்பர்) முழுசாக இருக்கிறதே என்று விற்பவர் காட்டுவார். ஆறு வருஷம் தாண்டிய டயரில் கட்டை எவ்வளவு இருந்தாலும் கணக்கு பூஜ்யம். ரப்பர் இறுகி, மழை ஈரத்தில் பிடிக்காது. இதை வைத்துத்தான் விலை பேச வேண்டும். "ஆச்சி, வண்டி நல்லா வச்சிருக்கீங்க. ஆனா ரெண்டு டயரும் பேட்டரியும் நான் இன்னைக்கே மாத்தணும்" என்று எண்ணைக் காட்டிச் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை, விலையும் இறங்கும்.

காகிதம்

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை சிவகங்கை மாவட்டம், டிஎன் 63. திருமயம், அரிமளம், பொன்னமராவதி புதுக்கோட்டை, டிஎன் 55. பக்கத்து ஊர் வண்டிதானே என்று நினைப்போம்; ஆர்டிஓ எல்லை மாறினால் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று தேவையா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, லோன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-ம் கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதமும். லோன் கட்டி முடித்தும் ஆர்சியில் அடமானம் நீக்காமல் விட்ட வண்டிகள் ஏராளம்.

ஓனர் வெளிநாட்டில் இருந்தால் கவனம். படிவங்களில் ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அப்பா போட்டால் செல்லாது. ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ஓடிபி ஆர்சியில் பதிந்த மொபைல் எண்ணுக்குப் போகும். அந்த சிம் வெளிநாடு போனதும் செத்திருக்கும். எண் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அவர் விடுமுறைக்கு வரும்வரை காத்திருப்பது நல்லது. வெறும் ஸ்டாம்ப் பேப்பரை நம்பி முழுப் பணம் கொடுக்க வேண்டாம். ஓனர் காலமாகியிருந்தால் வாரிசுக்கு மாற்றும் படிவம் 31 தனி வழி. சேஸிஸ் எண்ணை ஹேண்டில் கழுத்தில் பார்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள், அபராத பாக்கியைப் பரிவாகன் தளத்தில் பாருங்கள்.

பெங்களூரு வண்டி மலிவாக வரும். தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி மறுபதிவு செய்து முடிக்கும்போது அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கிய புது வண்டிகளுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கப்பட்டது. நின்ற வண்டியில் அது முடிந்து எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். பாலிசி உயிரோடு இருந்தால் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுக்க வேண்டும்.

வேலை: முதலில் பெட்ரோல்

வண்டியைத் தள்ளிக்கொண்டோ குட்டியானையில் ஏற்றியோ கொண்டு வாருங்கள். டியூக்கில் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது; பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் ஒன்று இல்லாமல் இந்த வேலை எதுவும் ஒழுங்காக நடக்காது.

டாங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் போல் புளித்த வாசனை வந்தால் பெட்ரோல் கெட்டது உறுதி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும், ஸ்டீல் அங்கேதான் துருப்பிடிக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பக்கத்து பிளாஸ்டிக்கை எடுத்து, பெட்ரோல் குழாய் இணைப்பின் மேல் துணி சுற்றி மெதுவாகக் கழற்றுங்கள்; உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கலாம். டாங்கைக் கழற்றிக் கவிழ்த்துப் பழைய பெட்ரோலை முழுக்க வடியுங்கள். இந்த வேலை திறந்த வெளியில்தான், பக்கத்தில் அடுப்போ கிரைண்டரோ கூடாது.

பம்பை வெளியே எடுத்து வலையைப் பாருங்கள். பழுப்புப் பொடி ஒட்டியிருந்தால் டாங்கில் துரு. லேசான துருவுக்கு பம்ப் துளையைத் தகடு வைத்து அடைத்து, வெந்நீரில் லிட்டருக்கு 50-லிருந்து 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து நிரப்பி ஓர் இரவு விடலாம். வடித்துவிட்டு ஆப்ப சோடாத் தண்ணீரால் கழுவி, உடனே நல்ல தண்ணீரால் அலசி, காற்றடித்துக் காயவைத்து, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். காயாமல் அரை மணி நேரம் விட்டால் புதுத் துரு பூக்கும். துரு தகடாக உரிந்தால் டாங்க் மாற்றுவதுதான் வழி.

பம்பின் ரப்பர் வளையம் வெளியே வந்ததும் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், திரும்ப உட்காராது. இழுத்துப் பிடித்து அழுத்தினால் நசுங்கி ஒழுகும். புதிது வாங்குங்கள். இது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பரவலாகும் முன் செய்த வண்டி, எனவே ரப்பர் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிக்கான உயர் அழுத்தக் குழாயே போட வேண்டும். இன்ஜெக்டரை அல்ட்ராசோனிக் மெஷின் வைத்திருக்கும் கடையில் கொடுத்துக் கழுவி, பீய்ச்சும் விதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

டாங்க் மூச்சுக்குழாயை வாயால் ஊதிப் பார்க்காமல் மாட்டக் கூடாது. நம் பக்கத்துக் குளவிக்கு இந்த அளவுத் துளை மிகவும் பிடிக்கும். அடைந்திருந்தால் வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகும், பத்து பதினைந்து நிமிஷம் ஓடும், பிறகு இழுத்து நின்றுவிடும். மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே போகும், திரும்ப ஓடும். இதைத் தெரியாமல் பம்ப், சென்சார் என்று மாற்றி ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் உண்டு. ஒரு மெல்லிய கம்பி போதும். சைலன்சர் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எஞ்சின்

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலி கூடு இருக்கலாம், சாதாரணமாகச் செம்மண் தூசியாவது இருக்கும். காகித ஃபில்டரைத் தட்டிப் போடாமல் மாற்றுங்கள். அங்கே நிற்கும்போதே சுற்றிலும் வயர் உறை கடிபட்டிருக்கிறதா என்று விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

ஆயிலை ஸ்டார்ட் செய்து சூடாக்காமல், குளிர்ந்த நிலையிலேயே வடியுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஃபில்டரும் வளையமும் புதிது. 15டபிள்யூ50, ஜாசோ எம்ஏ2 தரம், ஏறக்குறைய 1.7 லிட்டர், எஞ்சின் ஓடி நின்ற பின் வட்டக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்யுங்கள். காரில் மிஞ்சிய ஆயில் வேண்டாம், கிளட்ச் அதே ஆயிலில்தான் ஓடுகிறது, வழுக்கும். இந்த முதல் ஆயில் கழுவும் ஆயில், 500 கிமீ-யில் வெளியே போகப்போகிறது, அதனால் விலை உயர்ந்தது தேவையில்லை.

பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் 5 மிலி எஞ்சின் ஆயில் விட்டு, கியரை ஆறில் போட்டு, ஸ்டாண்டில் நிற்கும் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் சேர்ந்து சுற்ற வேண்டும். எங்கேயாவது கெட்டியாகப் பிடித்தால் பலம் போடாமல் நிறுத்துங்கள். சரளமாகச் சுற்றினால் பிளக்கை மாட்டி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இன்ஜெக்டர் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு, ஐந்து விநாடி வீதம் இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரை அடியுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலே ஆயில் மேலே ஏறும். பிறகு கனெக்டரை மாட்டி ஸ்டார்ட். முதல் இரண்டு நிமிஷம் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். முதலில் கொஞ்சம் வரும் நீலப் புகை நாம் விட்ட ஆயில்தான். கனெக்டர் கழற்றியதால் எஞ்சின் விளக்கு எரியலாம். சில ஸ்டார்ட்டுக்குப் பிறகும் அணையாவிட்டால் ஸ்கேனரில் அழிக்க வேண்டும்.

பேட்டரி 12 வோல்ட், 8 ஆம்பியர்-ஹவர். முழுக்க சார்ஜ் செய்து ஓர் இரவு வைத்து மல்ட்டிமீட்டரில் 12.6-க்குக் குறையாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட்டர் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கள். எஞ்சின் 4,000-ல் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் ரெகுலேட்டர், கனெக்டர் கருகல் இரண்டையும் பாருங்கள்.

கூலன்ட்டை முழுக்க வடியுங்கள். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிப்பதற்கு அமிர்தமாக இருக்கலாம், ரேடியேட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிப் பாதி, அல்லது கலந்தே வரும் கூலன்ட். குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் உள்ளே வெள்ளைப் படிவம் தெரியும். ரேடியேட்டர் இதழ்களில் அடைந்த செம்மண்ணைப் பின்னாலிருந்து மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள்; வாட்டர் வாஷ் கன் இதழ்களை மடக்கிவிடும். நிற்க வைத்து ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்கும்வரை பக்கத்தில் இருங்கள். ஏப்ரல் மே வெயிலில் செக்காலை ரோட்டில் ஊர்ந்து போகும்போது இந்த ஃபேன்தான் ஹெட் கேஸ்கட்டைக் காப்பாற்றுகிறது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், கனெக்டர், பிறகு மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

பிரேக், ஃபோர்க், செயின்

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் பிரேக். ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றி, பிரேக் அடித்து விட்டு, மறுபடி சுற்றுங்கள். உடனே சரளமாகச் சுற்றாவிட்டால் பிஸ்டன் இறுகியிருக்கிறது. முன் காலிப்பர் நான்கு பிஸ்டன், அசையாதது; பின் காலிப்பர் ஒற்றைப் பிஸ்டன், இரண்டு பின்களின் மேல் நகர்வது. பின்னால் பெரும்பாலும் அந்த பின்கள்தான் காய்ந்து பிடிக்கும். கழற்றித் துடைத்து சிலிகான் கிரீஸ் போட்டால் தீரும்.

முன்னால் பேடுகளை எடுத்து, லீவரை மெல்ல அழுத்திப் பிஸ்டன்களைக் கொஞ்சம் வெளியே வரவிட்டு, சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் வைத்துச் சுற்றிலும் தேய்த்துக் கழுவிய பிறகே உள்ளே தள்ளுங்கள். அழுக்கோடு தள்ளினால் அந்தப் பொடி சீலைக் கிழிக்கும். நான்கில் ஒன்று வராமல் நின்றால் மற்ற மூன்றையும் மரக்கட்டையால் பிடித்துக்கொண்டு லீவர் அழுத்துங்கள். அப்போதும் வராவிட்டால் சீல் கிட். பிஸ்டனில் உப்புத்தாள் போடவே கூடாது.

டாட் 4 பிரேக் ஆயில் தேன் நிறத்துக்கு மேல் கறுத்திருந்தால் மாற்றுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 250 மிலி புட்டி போதும். மேல் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே கீழே காலிப்பரின் நிப்பிளில் வெளியே எடுக்க வேண்டும். ஒருமுறை காலியாகிக் காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்விட்டால் வீட்டில் எடுப்பது கஷ்டம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், அரித்துவிடும். டிஸ்க்கின் தடிமனையும் அளந்து, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள்.

ஃபோர்க் லேசாகக் கசிந்தால் உடனே சீல் மாற்ற வேண்டியதில்லை. டஸ்ட் சீலைக் கீழே இறக்கி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு கொக்கி வெட்டி, சீல் உதட்டுக்குள் செருகிச் சுற்றி இழுத்தால் செம்மண் துகள் வெளியே வரும். பாதி வண்டிகளுக்கு இதுவே போதும்.

செயின் எக்ஸ்-ரிங் வகை, 15-க்கு 45 பல். மண்ணெண்ணெயில் கழுவுங்கள், பெட்ரோல் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். கழுவிக் காயவைத்து கியர் ஆயில் விட்ட பிறகும் சில கண்ணிகள் மடங்கியே நின்றால் செட்டாக மாற்றுங்கள். பழைய பல்சக்கரத்தில் புதுச் செயின் சீக்கிரம் போகும். டயர் முன் 110/70, பின் 150/60, 17 அங்குலம், ரேடியல். 160 போட்டால் அழகு என்பார்கள். அந்த ரிம்மில் டயர் கூன் போட்டு வளைவில் தடுமாறும். வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

முதல் ஓட்டம்

நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் மூன்றாவது கியரில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளினால் விட்டுவிடும். முதலில் நூறடி ரோட்டில் குறைந்த வேகத்தில் பிரேக்கை அடித்து அடித்துப் பழக்குங்கள். ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சக்கர சென்சார் முனையில் மண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். புது டயரில் முதல் 100 கிமீ சாய்க்க வேண்டாம். பிறகு குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் வரை போய் வந்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதே கீழே குனிந்து பெட்ரோல், கூலன்ட், ஆயில் எங்கேயாவது துளிர்க்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

500 கிமீ-யில் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்றுங்கள். எடுத்த ஃபில்டரை வெட்டி விரித்து வெயிலில் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை பரவாயில்லை. மினுங்கும் செதில்கள் இருந்தால் மேலே ஓட்டாமல் எஞ்சினைத் திறக்க வேண்டும். செயின் தொய்வு, கூலன்ட் மட்டம் இரண்டையும், டார்க் ரென்ச் வைத்து காலிப்பர் போல்ட், பின் ஆக்சில் நட் இரண்டையும் கையேட்டு அளவோடு அதே நாளில் சரிபாருங்கள். வால்வ் இடைவெளி பார்த்த பில் வண்டியோடு வரவில்லை என்றால், அடுத்த வேலை அதுதான்.